முகமூடியைக் கழற்றலாமா?

முன்னுரை

மொட்டைக் கடிதம் என்றால் என்னவென்று அறியாதவர் நம் ஊர்ப்பக்கத்தில் இருக்க மாட்டார்கள். அனுப்பியவரின் பெயரும் ஊரும் இல்லாத கடிதத்துக்கு நம் பெரியவர்கள் இட்ட பெயர் அது. நிச்சயமான திருமணத்தை நிறுத்துவதற்காகப் பெண்ணைப் பற்றிப் பொய்யாக எழுதி மாப்பிள்ளை வீட்டுக்குப் போடுவதும் மொட்டைக் கடிதம்தான். நியாய விலைக் கடை அரிசி இரவோடு இரவாக எங்கே போகிறது என்று மேலதிகாரிக்குத் தெரிவிப்பதும் மொட்டைக் கடிதம்தான். உறை ஒன்றே. உள்ளே இருப்பது ஓரிடத்தில் நஞ்சு, மற்றோரிடத்தில் மருந்து.

இன்று அந்த உறை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டுவிட்டர் என்று முன்பு அழைக்கப்பட்ட எக்ஸ் ஆகியவற்றில், சொந்தப் பெயரை மறைத்து எழுதுகிறவர்கள் எண்ணற்றோர். ஒரு பூவின் படம், ஒரு நடிகரின் படம், ஒரு கற்பனைப் பெயர் இவை போதும், முகமூடி தயார். இவ்வாறு எழுதுகிறவர் யார் என்று ஒரு பத்திரிகை நிருபர் தேடிக் கண்டுபிடித்து ஊரறிய வெளியிடுவது அறமா? இக்கேள்வியை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பெயரை மறைப்பது புதிதன்று

பெயர் தெரியாத புலவர்களை நம் தமிழ் ஒதுக்கவில்லை. சங்கப் பாடல்களைத் தொகுத்த சான்றோர், பாடியவர் பெயர் கிடைக்காதபோது அவர் பாட்டில் உள்ள அழகிய தொடரையே அவருக்குப் பெயராக்கினர். செம்புலப்பெயனீரார் என்ற பெயர் அப்படிப் பிறந்ததே. அவர் யார் என்று இன்றுவரை நாம் அறியோம். அதனால் அவர் பாட்டு குறைந்துவிடவில்லை.

இக்காலத்திலும் புனைபெயர் உண்டு. சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனார். எஸ். ரங்கராஜன் தம் மனைவியின் பெயரில் சுஜாதா ஆனார். இவர்களுக்குப் புனைபெயர் ஓர் அணிகலன். சிலருக்கோ அது கவசம். திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மா, பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். வீட்டாருக்குத் தெரியாமல் இரவில் எழுதி, வேறு பெயரில் கவிதைகளை வெளியிட்டார். சல்மா என்பதே அவர் புனைபெயர். அவர் 2001இல் தம் ஊரின் பேரூராட்சித் தலைவரானார். 2025இல் மாநிலங்களவை உறுப்பினரானார். எழுதத் தொடங்கிய முதல் நாட்களிலேயே எவரேனும் ஒருவர், "இக்கவிதையை எழுதியவர் இன்னார் வீட்டு மருமகள்" என்று அச்சிட்டிருந்தால், அடுத்த கவிதை பிறந்திருக்குமா? தோழியரே, எண்ணிப் பாருங்கள்.

ஏன் மறைக்கிறார்கள்?

"நேர்மையானவன் பெயர் போட்டு எழுதட்டும், பெயரை மறைப்பவன் கோழை" என்று சிலர் கூறுவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர் போட்டு எழுதியவர்களின் கதி என்னவென்றும் பார்க்க வேண்டும்.

நம் மயிலத்திலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள புதுச்சேரியில் 2012 அக்டோபரில் நடந்தது இது. சிறு தொழில் செய்யும் ஒருவர், அன்றைய மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி டுவிட்டரில் ஓரிரு வரிகள் எழுதினார். அப்போது அவர் எழுத்தைத் தொடர்ந்து படித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. ஆயினும் அவர் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதமே மராட்டிய மாநிலம் பால்கரில், ஒரு தலைவரின் மறைவையொட்டி நடந்த கடையடைப்பைப் பற்றிப் பேஸ்புக்கில் எழுதிய ஓர் இளம்பெண்ணும், அதற்கு 'லைக்' மட்டும் போட்ட அவர் தோழியும் கைதாயினர். இவற்றுக்குப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று நீக்கியது. சட்டம் நீங்கியது. அச்சம் நீங்கிவிட்டதா?

மாணவியராகிய நமக்கு இன்னும் நெருங்கிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2021 மே மாதத்தில் சென்னையின் பெயர்பெற்ற பள்ளி ஒன்றில் படித்த முன்னாள் மாணவியர் சிலர், ஆசிரியர் ஒருவர் முறைகேடாக நடந்துகொண்டதை இன்ஸ்டாகிராம் வழியாக வெளிப்படுத்தினர். பலருடைய பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தன. சில நாட்களுக்குள் அவ்வாசிரியர் போக்சோ சட்டத்தின்கீழ்க் கைதானார். அதைக் கண்டு வேறு பள்ளிகளின் மாணவியரும் வாய் திறந்தனர். ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த கதவைத் திறந்த சாவி எது? பெயர் வெளிவராது என்ற நம்பிக்கையே. அந்நேரத்தில் ஒரு நிருபர் அம்மாணவியரைத் தேடிப் பிடித்துப் பெயரை அச்சிட்டிருந்தால், பேசியவர் ஒருவர் துன்புற்றிருப்பார், பேச நினைத்த நூறு பேர் வாய் மூடியிருப்பர்.

முகமூடிக்குள் இருக்கும் தீமை

எனினும் முகமூடி அணிந்தோர் எல்லாரும் எளியோர் அல்லர். 2016 ஜூன் மாதத்தில் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் படத்தை ஆபாசமாக மாற்றிப் பேஸ்புக்கில் பொய்ப் பெயரில் இட்டனர். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தும் உடனே பயன் கிட்டவில்லை. மனமுடைந்த அப்பெண் உயிரிழந்தார். அதன் பின்னரே குற்றஞ்சாட்டப்பட்டவர் பிடிபட்டார். இங்கே முகமூடி விரைவில் கழற்றப்பட்டிருந்தால் ஓர் உயிர் தப்பியிருக்கக் கூடும்.

இவ்வழக்கில் முகமூடியைக் கழற்றும் கடமை காவல்துறைக்கு உரியது. நிருபரே கழற்றிய நிகழ்ச்சியும் நம் நாட்டைத் தொட்டு நடந்திருக்கிறது. ஐ.எஸ். என்னும் பயங்கரவாத இயக்கம் சிரியாவிலும் ஈராக்கிலும் கொடுமைகள் புரிந்த காலத்தில், 'ஷாமி விட்னஸ்' என்ற பெயரில் டுவிட்டரில் ஒருவர் அவ்வியக்கத்தைப் புகழ்ந்து ஓயாமல் எழுதி வந்தார். அதைப் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பின்தொடர்ந்தனர். அயல்நாடுகளிலிருந்து போரிடச் சென்றவர்கள் பலரும் அவர்களுள் இருந்தனர். எழுதியவர் போர்க்களத்தில் இருப்பார் என்று உலகம் எண்ணியது. 2014 டிசம்பர் 11 அன்று பிரிட்டனின் 'சேனல் 4' தொலைக்காட்சி, அவர் பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளைஞர் என்று வெளியிட்டது. இரண்டு நாட்களில் பெங்களூர்க் காவல்துறை அவரைக் கைது செய்தது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தம் உயிருக்கு ஆபத்து வரும் என்று அவ்விளைஞர் கூறியதால், அத்தொலைக்காட்சி முதலில் அவருடைய முழுப்பெயரை வெளியிடவில்லை. அவர் செய்த செயலும் இருந்த ஊரும் பொதுமக்கள் அறிய வேண்டியவை என்றும், முழுப்பெயர் அப்போதைக்குத் தேவையில்லை என்றும் பிரித்துப் பார்த்தது. ஊர் முதலிய விவரம் தெரிந்ததே கைதுக்குப் போதுமானதாயிற்று என்பதும் உண்மை. ஆயினும் எவ்வளவு வெளியிடுவது என்று அளந்து பார்க்கும் பழக்கம் ஒவ்வொரு நிருபருக்கும் தேவையான பாடம்.

தமிழ்நாடு தந்த தீர்ப்பு

பத்திரிகையின் உரிமைக்கும் தனிமனிதரின் அந்தரங்கத்துக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே? இதை இந்திய நாட்டுக்கே விளக்கிய வழக்கு தமிழ்நாட்டில் எழுந்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். உயர் அதிகாரிகள் சிலருக்கும் தமக்கும் இருந்த தொடர்பை அதில் கூறியதாகச் சொல்லப்பட்டது. அதை 'நக்கீரன்' இதழ் வெளியிட முயன்றபோது சிறைத்துறை எதிர்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பு வந்தது.

அத்தீர்ப்பின் சாரத்தை எளிய சொற்களில் இவ்வாறு கூறலாம். ஒவ்வொருவருக்கும் தம்மைத் தம் போக்கில் விட்டுவிடுமாறு கேட்கும் உரிமை உண்டு. குடும்பம், திருமணம், கல்வி முதலியவற்றை அவர் சம்மதமின்றி அச்சிடலாகாது. ஆனால் பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடலாம். அரசு அதிகாரி தம் பதவிக் கடமையில் செய்தவற்றுக்கு அந்தரங்கம் என்று திரை போட முடியாது. தாமாகவே வலிந்து சர்ச்சைக்குள் நுழைந்தவரின் நிலையும் வேறாக இருக்கலாம். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரையோ, ஆவணத்தில் இருந்தாலும், வெளியிடலாகாது. பின்னர் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உறுதி செய்தது.

அதிகாரம் உடையவரின் திரை வேறு, அதிகாரம் இல்லாதவரின் திரை வேறு என்பதே இத்தீர்ப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பாடம்.

நிருபர் தம் பங்குக்கு மறைப்பது

"உண்மையைச் சொல்வதே எங்கள் தொழில், எதையும் மறைக்க மாட்டோம்" என்று நிருபர்கள் கூறக்கூடும். ஆனால் அவர்களும் மறைக்கிறார்கள். மறைக்கவும் வேண்டும். செய்தி தந்தவரின் பெயரைக் காப்பது அவர்கள் தொழிலின் தலையாய தர்மம். 1978ஆம் ஆண்டின் பத்திரிகை மன்றச் சட்டம், மன்றத்தின் விசாரணையில் செய்தி மூலத்தைச் சொல்லுமாறு எந்த நிருபரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. நோயாளி சொன்னதை மருத்துவரும், கட்சிக்காரர் சொன்னதை வழக்கறிஞரும், பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவரும் காப்பது போன்றது இது. தமக்குச் செய்தி தரும் ஏழை எழுத்தரின் பெயரை உயிர்போல் காக்கும் நிருபர், இணையத்தில் அதே செய்தியை எழுதும் ஏழை எழுத்தரின் பெயரை மட்டும் விளையாட்டாக வெளியிடலாமா? மறைவின் அருமையை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

மற்றொன்றும் உண்டு. பத்திரிகை ஒன்றின் ஆசிரியர், வெளியிடுபவர் பெயர்கள் அதிலேயே அச்சிடப்படுகின்றன. தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பது வாசகருக்குத் தெரியும். இப்பொறுப்புத்தான் பத்திரிகைக்குப் பெருமை. பிறர் பெயரை வெளியிடும்போதும் அதே பொறுப்பு அவர்களைத் தொடர வேண்டும்.

தவறாகக் கழற்றிய முகமூடிகள்

2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. குற்றவாளியைத் தாங்களே கண்டுபிடிப்பதாக இணையத்தில் கூடியவர்கள், காணாமற்போயிருந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரின் பெயரைச் சொன்னார்கள். செய்தித் துறையினர் சிலரும் அதைப் பரப்பினர். அம்மாணவருக்கும் குண்டுவெடிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பின்னர் அவர் உடலே கிடைத்தது. மகனைத் தேடிக் கண்ணீர் வடித்த குடும்பத்துக்கு, "கொலைகாரன் வீட்டார்" என்ற ஏச்சும் சேர்ந்தது.

2020 மே மாதத்தில் டெல்லியில், மாணவர்கள் சிலர் இணையத்தில் தவறாகப் பேசிக்கொண்ட செய்தி நாட்டை உலுக்கியது. அப்போது பரவிய ஓர் உரையாடலில், கெட்ட யோசனை ஒன்றை ஒரு பையனே சொன்னதாக எல்லாரும் நம்பினர். அந்தப் பெயரில் எழுதியவர் ஒரு பெண் என்றும், மற்றவரின் குணத்தைச் சோதிக்கவே அப்படி எழுதினார் என்றும் காவல்துறை பின்னர் அறிவித்தது. முகமூடியின் சாயலைப் பார்த்து உள்ளிருப்பவரை ஊகிப்பது எவ்வளவு ஆபத்து!

ஆள் சரியாக இருந்தும் வழி தவறாகலாம். இங்கிலாந்தில் காவல்துறையைச் சேர்ந்த ஒருவர் 'நைட்ஜாக்' என்ற பெயரில் தம் பணியின் உண்மை நிலையை இணையத்தில் எழுதி, 2009இல் ஆர்வெல் பரிசும் பெற்றார். 'தி டைம்ஸ்' பத்திரிகை அவர் பெயரை வெளியிட்டது. நீதிமன்றமும் அதைத் தடுக்கவில்லை. அவர் எழுத்து அத்துடன் நின்றது. ஆனால் நிருபர் அவருடைய மின்னஞ்சலுக்குள் அனுமதியின்றி நுழைந்திருந்தார் என்பது பின்னர் வெளிப்பட்டது. பத்திரிகை இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. திருட்டு வழியில் வந்த உண்மை, கொண்டு வந்தவரையே சுட்டது.

பெயர் மட்டுமா அடையாளம்?

பெரிய நகரத்தில் பெயர் சொன்னால்தான் ஆள் தெரியும். மயிலம் போன்ற ஊரில் பெயரே வேண்டியதில்லை. "மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருப்பவரின் இரண்டாவது மகள், கன்னியர் பள்ளியில் பத்தாம் வகுப்பு" என்றால் போதும். பங்குனி உத்திரத்துக்கு வரும் உறவினர் வரை அனைவருக்கும் ஆள் தெரிந்துவிடும். "பெயரை நாங்கள் வெளியிடவில்லையே" என்று பத்திரிகை தப்பித்துக்கொள்ள முடியுமா? போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம் மட்டுமல்லாமல், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி ஆகியவற்றையும் வெளியிடக் கூடாது என்று அது தடுக்கிறது. 2018 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றமும், அடையாளம் காட்டும் எந்தச் செய்தியும் கூடாது என்று வலியுறுத்தியது.

இதை மீறியவர்கள் சாதாரண மனிதர்கள் மட்டும் அல்லர். பொள்ளாச்சிக் கொடுமையில் புகார் செய்த பெண்ணின் பெயரைக் காவல்துறையே வெளியிட்டது. 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அப்பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் வழங்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தபோதும், உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. பணம் கிடைக்கலாம். ஒருமுறை பரவிய பெயரைத் திரும்பப் பெற முடியுமா? கொட்டிய பாலை அள்ள முடியாது என்பார்கள். கொட்டிய பெயரும் அத்தகையதே.

ஐந்து கேள்விகள்

மேற்கண்டவற்றிலிருந்து, முகமூடியைக் கழற்றுமுன் ஒரு நிருபர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய ஐந்து கேள்விகளை வகுத்துக்கொள்ளலாம்.

1. மறைந்திருப்பவர் வலியவரா, எளியவரா? தம் மறைவைக் கொண்டு அவர் பிறரைத் தாக்குகிறாரா, தம்மைக் காத்துக்கொள்கிறாரா?

2. அவர் யார் என்று தெரிவதால் பொதுமக்களுக்கு நன்மை உண்டா, அல்லது வேடிக்கை பார்க்கும் ஆசை மட்டும் தீருமா?

3. ஆள் அவர்தான் என்பது ஐயமின்றித் தெரியுமா? ஒற்றர் மூவர் தனித்தனியே கொண்டுவந்த செய்தி ஒத்திருந்தால்தான் நம்பலாம் என்பது ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் அரசனுக்குக் கூறிய அறிவுரை. நாடாளும் மன்னனுக்கே அவ்வளவு நிதானம் வேண்டுமானால் நிருபருக்கு வேண்டாமா?

4. கண்டுபிடித்த வழி நேர்மையானதா? சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்கப்பட்டதா?

5. பெயரையும் அடையாளத்தையும் நீக்கினாலும் செய்தி நிற்குமா? நிற்குமானால் நீக்கிவிட வேண்டியதுதான்.

கணக்குப் பாடத்தில் விடையைச் சரிபார்ப்பது போல, இக்கேள்விகளை நாம் கண்ட நிகழ்ச்சிகளோடு பொருத்திப் பார்ப்போம். ஷாமி விட்னஸ் வெளிப்பட்டது சரியே. வன்முறைக்கு ஆள் சேர்க்கும் குரலுக்குப் பாதுகாப்பு இல்லை. சென்னை மாணவியரின் பெயர் முதற்கேள்வியிலேயே காக்கப்படும். பாஸ்டன் மாணவர் மூன்றாம் கேள்வியில் தப்பியிருப்பார். 'நைட்ஜாக்' எழுதியவரோ நான்காம் கேள்வியில் தப்பியிருப்பார். படத்தை மாற்றிய சேலத்துக் குற்றத்தில் நிருபர் செய்ய வேண்டியது, புகார் ஏன் தூங்குகிறது என்று காவல்துறையைக் கேட்டு எழுதுவது. தாமே ஒருவரைச் சுட்டிக்காட்டித் தண்டிப்பது அன்று. பெயரை அச்சிடுவதும் ஒரு தண்டனையே. அதற்கு நீதிபதி இல்லை, வாதாட வழக்கறிஞர் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

முடிவுரை

ஒருவர் பெயரை மறைத்தார் என்பதே குற்றமாகாது. மறைவில் நின்று அவர் செய்தது என்ன என்பதே கேள்வி. எளியவரின் முகத்திரையை இழுப்பது வீரம் அன்று. வலியவரின் திரையை விலக்குவதே எழுத்துத் தொழிலுக்கு அழகு.

தோழியரே, நம்மில் சிலர் நாளை நிருபர்கள் ஆகலாம். மற்றவர்கள் கையிலும் ஒரு கைப்பேசி இருக்கும். "இதை எழுதியது யார் தெரியுமா?" என்று ஒரு செய்தி வரும்போது, அடுத்தவருக்கு அனுப்பும் விரலும் பத்திரிகை அச்சு இயந்திரமும் இன்று ஒன்றுதான். ஆகவே அந்த ஐந்து கேள்விகளும் நமக்கும் உரியவை. நம் பள்ளியில் ஒரு சிறுமி அச்சத்தோடு வந்து, "என் பேரைச் சொல்லிடாதீங்க அக்கா" என்று தொடங்கினால், முதலில் அவள் சொல்வதை முழுவதும் கேட்போம். நம்பிக்கைக்குரிய ஆசிரியை ஒருவரிடம் அவளையே அழைத்துச் செல்வோம். அவள் பெயரை வேறு எவரிடமும் சொல்லாமல் காப்போம்.

பத்தாம் வகுப்பு மாணவி,
மயிலம்.